உறை போடுவதா, தானே வரைவதா: சாளர நிரலுக்கு இரு வழிகள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் தமிழர்களும் வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு அளவீட்டு மென்பொருள் எழுதுவோர், ஒரே நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும் என்று முடிவெடுத்ததும், அவர்கள் முன் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன: பொத்தான் போன்ற திரை உறுப்புகளை அந்தந்தத் தளத்திடமே (இயங்குதளத்திடமே) வாங்கும் நூலகம், அல்லது அவற்றைத் தானே வரையும் நூலகம்.

முதல் வழியில் செல்லும் நூலகம், 1992இல் எடின்பரோவில் தொடங்கிய டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ். அது பொத்தானையும் பட்டியலையும் அந்தந்தத் தளத்திடமே வாங்கி, மேலே ஓர் உறையை மட்டும் போடுகிறது. தோற்றம் அந்நியமாகத் தெரியாது. தமிழ்த் தட்டச்சும் பெரும்பாலும் தளத்தின் பொறுப்பாகிவிடும். ஆனால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவானதே எல்லையாகிவிடும் ஆபத்து இதில் உண்டு. ஜாவா மொழியின் முதல் சாளர நூலகமான ஏடபிள்யூடி அதில்தான் சிக்கியது. பிறகு வந்த ஸ்விங் தன் பொத்தான்களைத் தானே வரைந்துகொண்டது.

க்யூட்டி, ஃபிளட்டர் ஆகிய நூலகங்களும் அந்த இரண்டாம் வழியில் செல்பவை. தானே வரைபவர் எழுத்துகளையும் தானே கோத்தாக வேண்டும். ‘கொ’ என்பதில் மெய்யெழுத்துக்குப் பின் ஒரே குறியாகச் சேமிக்கப்படும் உயிர்க்குறி, திரையில் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துகளைக் கோக்கும் நிரல் இல்லாத நூலகத்தில் அது சரியான இடத்தில் நிற்காது. க்யூட்டியில் இந்தக் கவலை இல்லை.

உண்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் ஒரு செயலி தன் சாளரத்தை விரும்பிய புள்ளியில் வைக்கலாம். அதற்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பட்ட வேலாண்டிலோ, தன் முதன்மைச் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதே செயலிக்குச் சொல்லப்படுவதில்லை. ஆகவே நூலகம் நிரலாளருக்குத் தரும் இடைமுகத்தில் ‘இந்த இடத்தில் வை’ என்ற கட்டளை இருந்தால், எந்த வழியில் போனாலும் அது உடையும்; ‘இந்தப் பெட்டி இந்தச் சாளரத்தைச் சார்ந்தது’ என்று சொன்னால் நிலைக்கும். விண்டோஸில் ‘சரி’ இடப்பக்கமும் ‘ரத்து’ வலப்பக்கமும் வர, மேக்கில் அது தலைகீழாகும் சிக்கலை டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸும் க்யூட்டியும் இப்படித்தான் தீர்த்தன: பொத்தானின் பணியை மட்டும் நிரலாளர் சொன்னால் போதும், வரிசையை நூலகம் பார்த்துக்கொள்ளும். மற்ற இடங்களிலும் இதே கட்டுப்பாடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அளவுமானியும் வரைபடமும் நிறைந்த பட்டறைத் திரைக்கு, அவற்றை எப்படியும் நாமே வரைய வேண்டியிருப்பதால், க்யூட்டியையே தேர்ந்தெடுப்பேன். வெறும் படிவங்களால் ஆன கணக்குச் செயலி என்றால் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் போதும். மூலநிரலை வெளியிட விரும்பாத சிறு நிறுவனங்களுக்கு அதன் உரிம விதிகள் தலைவலியும் தருவதில்லை.