பிர்ச் பட்டை கைப்பிடின்னு காசு வாங்கிட்டு நடுவுல அட்டையைச் சொருகி அனுப்புறாங்க, உஷார்

தூண்டில் கம்பு சொந்தமா செய்யறவங்க, முக்கியமா ஐரோப்பா பக்கம் இருந்துட்டு கைப்பிடியை மட்டும் ரெடிமேடா ஆன்லைன்ல வாங்குறவங்க, தயவுசெஞ்சு இதை முழுசா படிச்சிடுங்க. முழுக்க முழுக்க பிர்ச்ங்கிற மரத்தோட பட்டையில செஞ்சதுன்னு சொல்லித்தான் எனக்கு வித்தாங்க. அறுத்துப் பார்த்தா மூணுல ஒரு வளையம் பிரவுன் அட்டை. புகார் இன்னும் ஓடிட்டு இருக்கிறதால கடை பேரை இங்க எழுதல, ஆனா இதே வேலையை வேற யாரும் செய்யலாம், அதனால பேரை விட எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறதுதான் உங்களுக்கு உபயோகம்.

நான் இருக்கிறது ஃபின்லாந்துல, டாம்பெரே. ரெண்டு பக்கமும் ஏரி, நடுவுல தம்மர்கோஸ்கி ஆறு ஊருக்குள்ளயே பாய்ஞ்சு ஓடும், மீன் பிடிக்கிற ஆசை இல்லாதவனுக்கும் இங்க வந்தா வந்துரும். குளிர்காலத்துல மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிடுது, அப்போ எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் மூங்கில் கம்பு செய்யறதுதான். சைனாவுல குவாங்டாங் பக்கம் விளையுற டோன்கின் மூங்கிலை வாங்கி, பிளந்து, கணுவைத் தட்டி நேராக்கி, ஒவ்வொரு சிம்பையும் முக்கோணமா 60 டிகிரிக்கு இழைச்சு, ஆறு சிம்பைச் சேர்த்து ஒட்டி நூல் சுத்திக் காய வெச்சா ஆறு மூலையா ஒரு கம்பு வரும். இழைக்கிறப்போ ஒரு சீவல் அதிகமா போச்சுன்னா அந்த சிம்பு குப்பைதான். ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்தா ஒரு கம்பு முடியும், அவ்ளோதான் என் வேகம். ஆபீஸ்ல என் கூட வேலை பார்க்குற ஒரு பெரியவர் ரிட்டயர் ஆகிறார்னு அவருக்காகத்தான் இந்தக் கம்பை செஞ்சேன்.

கைப்பிடிக்கு வழக்கமா எல்லாரும் போர்ச்சுகல் கார்க்தான் போடுவாங்க. ஆனா நல்ல தரமான கார்க் விலை ஏறிப்போச்சு, மலிவுல வர்றதெல்லாம் ஓட்டையா இருக்கும், ஓட்டையை அடைச்சு வெச்சிருக்கிற பொடி கொஞ்ச நாள்ல உதிர்ந்துரும். அதோட ஃபின்லாந்துக்காரருக்குக் கொடுக்கிற கம்புக்கு பிர்ச் பட்டை போட்டாத்தான் மரியாதை, இங்க பூக்கோன்னு சொல்ற கத்திக்கு காலங்காலமா இந்தப் பட்டையை அடுக்கித்தான் பிடி செய்யறாங்க. கைக்கு இதமா இருக்கும், மைனஸ்ல கூட விரல் விறைக்காது, கை ஈரமா இருந்தாலும் வழுக்காது. கார்க்கை விட கொஞ்சம் கனம், அது ஒண்ணுதான் குறை.

நானே பட்டை உரிச்சு செஞ்சிருக்கலாம்தான். ஆனா மரத்துல சாறு ஏறி ஓடுற சமயத்துலதான் பட்டை சுலபமா கழண்டு வரும், அது ஜூன்ல இருந்து ஜூலை நடு வரைக்கும்தான், இங்க நடுக்கோடையில கொண்டாடுற யுஹான்னுஸ் பண்டிகை சமயம்னு வெச்சுக்கோங்க. மத்த மாசத்துல இழுத்தா கிழியும். இன்னொண்ணு, இங்க காட்டுல யார் வேணா போய் பழம் பறிக்கலாம், காளான் பறிக்கலாம், ஆனா உயிரோட நிக்கிற மரத்துல பட்டை உரிக்கணும்னா நிலத்துக்காரர் அனுமதி வேணும். எனக்குக் கம்பு மே மாசமே வேணும், அதான் வாங்கினேன். பின் பக்கப் பிடி, முன் பக்கப் பிடி ரெண்டும் சேர்த்து 85 யூரோ, என் கம்போட அளவுக்கு ஓட்டையும் போட்டுத் தர்றோம்னு சொன்னாங்க.

இதை ஒழுங்கா எப்படி செய்வாங்கன்னு தெரிஞ்சாத்தான் அவங்க பண்ணின வேலை புரியும். உரிச்ச பட்டையில வெளிப்பக்கம் இருக்கிற வெள்ளைப் பொடியையும் செதிலையும் சுரண்டி எடுத்துட்டு, பாரத்தை ஏத்தி தட்டையா காய விடணும். இந்தப் பட்டைக்கு ஒரு குணம், உரிச்சதும் வெள்ளைப் பக்கம் உள்ள போற மாதிரி தலைகீழா சுருளும். அதனால சதுரம் சதுரமா வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, மரை போட்ட ராடுல கோக்கும்போது ஒவ்வொரு துண்டையும் கால் வட்டம் திருப்பித் திருப்பிக் கோக்கணும், அப்பதான் ஒண்ணோட இழுப்பை இன்னொண்ணு சரிக்கட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல மெல்லிசா எபாக்சி, நம்மூர்ல அரால்டைட்னு சொல்ற ரகம். ரெண்டு பக்கமும் வாஷர் வெச்சு நட்டை முறுக்கி நல்லா இறுக்கி ரெண்டு நாள் விடணும். ஒரு பட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், இறுக்கினா அதுவும் குறையும், 18 செ.மீ. பிடிக்கு 200 துண்டு கிட்ட ஆகும். அப்புறம் லேத்ல கடைஞ்சு உப்புத்தாள் 80 நம்பர்ல ஆரம்பிச்சு 400 நம்பர் வரைக்கும் தேய்ச்சு எண்ணெய் போட்டா முடிஞ்சது. கடைஞ்ச பக்கத்தைப் பார்த்தா தடிமனான புத்தகத்தை மூடி வெச்சு ஓரத்தைப் பார்க்குற மாதிரி மெல்லிசு மெல்லிசா கோடு தெரியும், அதுதான் அழகே.

இப்ப யோசிச்சுப் பாருங்க, 200 துண்டு சுரண்டி வெட்டி ஓட்டை போட எவ்ளோ நேரம் ஆகும். அங்கதான் கை வெச்சிருக்காங்க. ரெண்டு பட்டை, ஒரு அட்டை, ரெண்டு பட்டை, ஒரு அட்டை. அட்டைக்கு பட்டை கலர்லயே சாயம் ஏத்தி, ரெண்டு முனையிலயும் மட்டும் சுத்தமான பட்டையா அடுக்கி, மேல கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடிச்சு அனுப்பிட்டாங்க. கண்ணால பார்த்தா இதைப் பிடிக்கவே முடியாது, கோடு கோடாத்தான் தெரியும், அட்டை கோடும் பட்டை கோடும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

ஏரியில பனிக்கட்டி உருகினதும் பெரியவரோட போனோம். தூறல். மத்தியானத்துக்குள்ளயே கட்டைவிரல் வைக்கிற இடத்துல வார்னிஷ் வெடிச்சு, விரலால தடவினா படிக்கட்டு படிக்கட்டா தட்டுப்பட ஆரம்பிச்சுது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், வரிசையா சில வளையம் மட்டும் உப்பி வெளிய நிக்குது, இடையில இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கு. நகத்தால கிள்ளினா உப்பின இடம் பஞ்சா வருது, இடுக்குல இருந்து பால் மாதிரி வெள்ளையா கசியுது. எபாக்சி தண்ணிக்கு இப்படிக் கரையாது, அது மரத்துக்குப் போடுற சாதாரண வெள்ளைப் பசை. அவர் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா ரிட்டயர் ஆகிற மனுஷனுக்கு ஆசையா கொடுத்த பொருள், அவர் கையிலயே பிஞ்சு வருதுன்னா எனக்கு எப்படி இருக்கும்.

எங்க பில்டிங்லயே பூக்கோ கத்தி செய்யற ஒரு தாத்தா இருக்கார், அவர்கிட்ட கொண்டு போனேன். அவர் பார்த்த உடனே ஒரு சில்லைக் கத்தியால எடுத்து நெருப்பு காட்டினார். பட்டை, கரும்புகை விட்டு எண்ணெய் எரியற மாதிரி சடசடன்னு எரிஞ்சுது. உப்பின வளையத்துல ஒரு சில்லு எடுத்துக் காட்டினார், பேப்பர் மாதிரி சாம்பலாச்சு. "இது பட்டையே இல்லப்பா, அட்டை"ன்னார்.

கடைக்காரருக்கு போட்டோவோட எழுதினேன். முதல் பதில், நீங்க தண்ணியில நனைச்சிருக்கீங்க, அதான் இப்படின்னு. தூண்டில் கம்புல தண்ணி படாம வேற எதுல படும்? பிர்ச் பட்டையோட பெருமையே தண்ணி இறங்காததுதான், இந்த ஊர்ல அந்தக் காலத்துல புல் மண் கூரைக்கு அடியில ஒழுகாம இருக்க இதைத்தான் விரிச்சிருக்காங்க. அட்டையைப் பத்திக் கேட்டதுக்கு பதிலே இல்ல. விடாம கேட்டப்புறம், உங்க அளவுக்கு ஓட்டை போட்டதால இது ஸ்பெஷல் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாதுன்னு ஒரே வரி.

இந்த இடத்துலதான் நிறைய பேர் விட்டுடறோம், விடாதீங்க. ஐரோப்பிய யூனியன்ல ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் கொடுக்கலாம், அளவெடுத்து செஞ்ச பொருளுக்கு அந்த உரிமை கிடையாதுங்கிறது வாஸ்தவம்தான். ஆனா அது நம்ம மனசு மாறி திருப்பிக் கொடுக்கிறதுக்கு. சொன்னது ஒண்ணு அனுப்பினது ஒண்ணுன்னா, அளவெடுத்து செஞ்சதா இருந்தாலும் வித்தவர்தான் பொறுப்பு. பில்லுல கம்பெனி நம்பர் இருந்ததால அரசாங்கத்தோட நுகர்வோர் ஆலோசனைக்கு எழுதினேன், இலவசம்தான், அவங்களும் இதையேதான் சொன்னாங்க. அவங்க சொன்னதை அப்படியே காப்பி பண்ணி அனுப்பினதும் 85 யூரோ திரும்பி வந்துருச்சு. தனி ஆள்கிட்ட பில் இல்லாம மொபைல்பேல காசு அனுப்பி வாங்கியிருந்தா இந்த வழியே கிடையாது, அதனால வாங்கும்போதே பில் கேளுங்க.

ஆனா 85 யூரோவா பெரிய விஷயம்? கம்புல ஒட்டின பிடியைக் கழட்டுறதுக்குப் பட்ட பாடு இருக்கே. சூடு காட்டினா சிம்பை ஒட்டின பசையே விட்டுரும், அதனால ஹீட் கன் பக்கமே போக முடியாது. பிளேடால நீளவாக்குல கீறி, அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவி எடுத்தேன், அப்படியும் அடிப்பாகத்துல ஒரு மூலை தேய்ஞ்சு போச்சு. வெளித்தோல்லதான் மூங்கிலோட பலம் மொத்தமும், அந்த இடம் போச்சுன்னா போனதுதான். அந்த நஷ்டத்தைக் கடைக்காரர்கிட்ட கேட்டா, அதுக்கு நாங்க பொறுப்பில்லைங்கிறாங்க.

அதனால யார்கிட்ட வாங்கினாலும் கம்புல ஒட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. பிடியோட நடுப்பகுதியில, முனையில இல்ல, நடுவுல, வெளிய தெரியாம இருக்க ஓட்டைக்குள்ள, உப்புத்தாளால வார்னிஷை எடுத்துட்டு ரெண்டு சொட்டு தண்ணி விட்டு கால் மணி நேரம் விடுங்க. பட்டை மேல தண்ணி முத்து முத்தா நிக்கும். எங்கயாவது வளையம் கருத்து தண்ணியைக் குடிச்சா ஒட்டாதீங்க, அப்படியே போட்டோ எடுத்து அனுப்பி காசைக் கேளுங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே எந்தப் பசைன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க, ராடுல கோத்து இறுக்கி வெச்சிருக்கிற போட்டோ, கடையறதுக்கு முன்னாடி எடுத்தது, ஒண்ணு கேளுங்க, நேர்மையா செய்யறவங்க சந்தோஷமா அனுப்புவாங்க. வார்னிஷ் வேண்டாம், வெறும் எண்ணெய் மட்டும் போடுங்கன்னு சொல்லிப் பாருங்க, எனக்கு வித்தவங்க மாதிரி ஆளுங்க அதுக்கு மட்டும் ஒத்துக்கவே மாட்டாங்க.

கம்பு நஷ்டத்துக்கு நுகர்வோர் தகராறு வாரியத்துல மனு போட்டிருக்கேன். அவங்க சொல்றது பரிந்துரைதான், கோர்ட் தீர்ப்பு மாதிரி கட்டாயம் இல்ல, தெரிஞ்சுதான் போட்டேன். இதே மாதிரி அட்டை வெச்ச பிடி வேற யாருக்காவது வந்திருந்தா அறுத்த பக்கத்தை போட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க, மனுவோட சேர்த்துக் கொடுக்கிறேன். பெரியவருக்கு புதுசா அடிப்பாகம் இழைக்க ஆரம்பிச்சாச்சு, பட்டையும் யுஹான்னுஸ் சமயத்துல தாத்தாவோட தம்பி காட்டுல வெட்டப்போற மரத்துல இருந்து நானே உரிச்சுக்கப் போறேன்.