பெயர் எண்கணித நிலையம் ஒன்றின் சேவை குறித்து

தங்கை மகளுக்குத் திவ்யா என்று பெயர் வைக்க முடிவு செய்தபின், அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கணித்துப் பெற எங்கள் ஊரிலுள்ள ஓர் எண்கணித நிலையத்தை அணுகினோம். கல்தேய முறைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் 1 முதல் 8 வரை மதிப்பிட்டு, வழக்கமான டி, ஐ, வி, ஒய், ஏ என்னும் எழுத்துகளின் கூட்டுத்தொகை 13 என்றும், அதன் இலக்கங்களைக் கூட்டினால் (1+3) நான்காக ஒடுங்குவதால் ஆகாது என்றும் கூறி, டி-க்குப் பின் ஓர் எச், இறுதியில் இன்னொரு ஏ சேர்த்து 19 ஆக்கித் தந்தார்கள். கணக்கைத் தாளில் வரிசையாக எழுதிக் காட்டி, கேட்டதற்கெல்லாம் பொறுமையாக விடை சொன்னது பாராட்டத்தக்கது.

எச் சேர்ப்பது எனக்கு உடன்பாடே; தகரத்தை டகரமாகப் படித்துவிடக் கூடாதென்று தமிழ்நாட்டில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இறுதி ஏ-க்கோ ஒலியில் எந்த வேலையும் இல்லை; பள்ளிச் சேர்க்கை தொடங்கிக் கடவுச்சீட்டு வரை ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குழந்தை அதை எடுத்துச் சொல்லியாக வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் ஒத்துப்போகாது.

இதைப் பற்றி நிலையத்தார் ஒரு வார்த்தையும் சொல்லாததே பெருங்குறை. பிறப்பைப் பதிவு செய்த ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதையும், பின்னாளில் எழுத்தை மாற்ற நினைத்தால் அரசிதழ் அறிவிப்பு வரை அலைய நேரும் என்பதையும் கட்டணம் வாங்குமுன் அவர்கள் விளக்கியிருக்க வேண்டும். நாங்கள் எச்-ஐ மட்டும் ஏற்றுப் பதிவு செய்தோம்.