ஹிப்னாடிச ஆடியோ: புதிதாகக் கேட்பவர்களுக்குப் பலன் தருமா?

கண்ணை மூடிக் கேட்பவரை ஒரு குரல் படிப்படியாகத் தளர்த்தி, மனதில் கருத்தைப் பதிய வைக்கும் பதிவுதான் ஹிப்னாடிச ஆடியோ. முதல் நாள் கேட்டுவிட்டு "எனக்கு ஒண்ணுமே ஆகலையே" என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். அவர்கள் எதிர்பார்ப்பது மயக்கம். ஆனால் ஹிப்னாடிசத்தில் நினைவு தப்பாது. தெருவில் அடிக்கும் ஹாரனும் பக்கத்து வீட்டு மிக்சியும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். கை கால் கனத்துப்போவது, அசையத் தோன்றாமல் இருப்பது, 25 நிமிட ஆடியோ 10 நிமிடத்தில் முடிந்ததுபோல் இருப்பது... புதியவருக்குத் தெரியும் அடையாளங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். "ஆழமாகப் போய்விட்டேனா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்த்தால் இதுவும் கலைந்துவிடும்.

ஹிப்னாடிசத்துக்கு வசப்படும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இதை அளக்க 1959-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் 12 சோதனைகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். மிக எளிதில் வசப்படுபவர்கள் கொஞ்சம் பேர், அறவே வசப்படாதவர்கள் கொஞ்சம் பேர், மற்றவர்கள் நடுவில். அதே ஆட்களை 25 ஆண்டு கழித்து அளந்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. அதனால் காசு கொடுத்து ஆடியோ வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடி, ஒரு கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, அதில் தண்ணீர் நிறைந்த குடம் தொங்குவதாக நினையுங்கள். சிறிது நேரத்தில் கை தானாக அரை அடியாவது இறங்கினால் நல்ல அறிகுறி. இது அந்த அளவுகோலில் உள்ள மிக எளிய சோதனைகளில் ஒன்று. இதிலேயே கை அப்படியே நின்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஆடியோவைத் தேர்ந்தெடுப்பது. சரியான ஆடியோவில் நான்கு பகுதிகள் இருக்கும்: உடலைத் தளர்த்தி உள்ளே அழைத்துப்போவது, படியிறங்குவதுபோல் எண்ணி ஆழப்படுத்துவது, மாற வேண்டியதை மனதில் பதியச் சொல்லும் கருத்தேற்றம், கடைசியில் எண்ணி எழுப்புவது. இலவசமாகக் கிடைப்பவற்றில் முதல் இரண்டும் 20 நிமிடத்தை விழுங்கிவிட்டு, எந்தப் பிரச்சினைக்காகக் கேட்கிறோமோ அதற்கான கருத்தேற்றம் இரண்டு வரியில் முடிந்துவிடுவது சகஜம். வாங்கும் முன் கடைசி இரண்டு நிமிடத்துக்கு நேராகப் போய்க் கேட்டுப் பாருங்கள். எழுப்பும் பகுதி இல்லையென்றால் அது இரவில் தூங்கச் செய்யத் தயாரித்தது. அதைப் பகலில் கேட்டால் மந்தமும் தலைபாரமும் மிச்சம்.

மொழியும் முக்கியம். ஆங்கில ஆடியோவை மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே கேட்பவருக்குத் தளர்ச்சி வராது. தமிழில் கிடைப்பவற்றிலோ பல மேடைத் தமிழில் இருக்கின்றன. "தங்கள் விழிகள் இளைப்பாறுகின்றன" என்றால் சிரிப்புதான் வரும். பிடித்தது கிடைக்காவிட்டால் போனிலேயே சொந்தக் குரலில் பதிவு செய்துகொள்ளலாம். சாதாரணப் பேச்சைவிடப் பாதி வேகம், ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு மூச்சு இடைவெளி. "பயப்பட மாட்டேன்" என்பதைவிட "நிதானமாக இருக்கிறேன்" என்று சொல்வது நல்லது. "பயப்பட மாட்டேன்" என்றதும் மனதில் முதலில் வந்து நிற்பது பயம்தான்.

எந்தப் பிரச்சினைக்கு? பதற்றம், தூக்கம் வராமை, வலி, அடிக்கடி வயிற்றுவலியும் பேதியோ மலச்சிக்கலோ வரும் ஐ.பி.எஸ். (IBS) என்ற குடல் கோளாறு ஆகியவற்றுக்கு முயன்று பார்க்கலாம். நெதர்லாந்தில் தீராத வயிற்றுவலி உள்ள 260 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. வீட்டில் ஹிப்னாடிச சி.டி. கேட்டவர்களில் ஓராண்டுக்குப் பின் 62 சதவீதம் பேருக்கும், சிகிச்சையாளரை நேரில் பார்த்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் பலன் கிடைத்திருந்தது. நேரில் போவதற்கு ஆடியோ அவ்வளவு தூரம் பின்தங்கவில்லை. சிகரெட்டை விடுவதற்கோ இப்படி உறுதியான ஆதாரம் இல்லை. காதுக்கே கேட்காத 'சப்லிமினல்' ஆடியோ சுத்த வியாபாரம். 1991-ல் ஓர் ஆய்வில் இத்தகைய ஞாபகசக்தி கேசட்டுக்கும் தன்னம்பிக்கை கேசட்டுக்கும் பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது எதுவாக இருந்தாலும், லேபிளில் இருந்தது முன்னேறிவிட்டதாகவே பலர் நம்பினார்கள்!

கேட்கும்போது அடிக்கடி நேரும் தவறு, தூங்கிப்போவது. படுத்துக்கொண்டு, சாப்பிட்ட கையோடு, இரவு 11 மணிக்குக் கேட்டால் வேறென்ன நடக்கும்? தூக்கத்தில் உள்ளே ஏறும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். தூக்கமின்மைக்கான ஆடியோ தவிர மற்றதை, தலையைச் சாய்க்க வசதியுள்ள நாற்காலியில், மாலையில் உட்கார்ந்து கேளுங்கள். இடையில் விளம்பரம் பாயாதபடி முன்பே டவுன்லோட் செய்து, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒலி, வார்த்தை புரியும் அளவுக்கு இருந்தால் போதும்.

முதல் வாரம் பழகுவதற்கே போய்விடும். அந்த வாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரே ஆடியோவை வாரத்துக்கு ஐந்து நாளாவது கேட்டால், மூன்றாவது வாரத்தில் உடல் சீக்கிரம் தளரத் தொடங்கும். தொடங்கிய நாளிலிருந்தே வலிக்கோ பதற்றத்துக்கோ தினமும் 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் குறித்து வாருங்கள். இல்லாவிட்டால் லேபிள் கதைதான். எட்டு வாரமாகியும் எண் அசையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். அசைந்தால் வாரம் இரண்டு முறையாகக் குறைத்துத் தொடரலாம்.

மனச்சிதைவு போன்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், வலிப்பு உள்ளவர்களும், பழைய கொடுமைகளின் நினைவு வாட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. புதிதாக வந்த வலிக்குக் காரணம் தெரியும் முன் அதை ஆடியோவால் அடக்குவதும் ஆபத்து. வண்டி ஓட்டும்போது கேட்கவே கூடாது. கேட்டு முடித்ததும் உடனே சாவியை எடுக்காமல், முகம் கழுவி, தலை தெளிந்த பிறகு கிளம்புங்கள்.