ஏழு மணி நேரக் கூத்து டிவிடிக்குள் அடங்குமா?

ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் பண்டிகையில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து, விடியற்காலை ஐந்துக்கு முடிந்தது. முழுவதையும் டிஜிட்டல் கேம்கார்டரில் பிடித்து வைத்திருந்தேன். மொத்தம் ஏழு கேசட். மணிக்குச் சுமார் 13 ஜிபி வீதம் கம்ப்யூட்டரில் இறக்கியபோது 90 ஜிபி வந்தது. அன்று துரியோதனன் வேஷம் கட்டியவர் என் பெரியப்பா. அவர் வீட்டில் இருப்பது பழைய டிவிடி பிளேயரும் டப்பா டிவியும். அதில் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

சாதாரண டிவிடி தட்டில் 4.7 ஜிபி எழுதலாம். எந்த மென்பொருளில் செய்தாலும் இந்த அளவு மாறாது. ஆகவே நேரம் கூடக் கூட, ஒவ்வொரு விநாடிப் படத்துக்கும் கிடைக்கும் தகவல் பங்கு (இதை பிட் கணக்கில் சொல்வார்கள்) குறையும். இரண்டு மணி நேரப் படம் என்றால் விநாடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஏழு மணி நேரத்தையும் ஒரே தட்டில் திணித்தால் ஒலியோடு சேர்த்து 1.5 மெகாபிட்கூடத் தேறாது.

திணித்தும் பார்த்தேன். கட்டியங்காரன் நின்று பேசும் இடங்கள் ஓரளவு பரவாயில்லை. ஆனால் பெரியப்பா கிறுகிறுவென்று சுற்றி ஆடும்போது, தோளில் கட்டும் புஜக்கட்டையில் பதித்த கண்ணாடித் துண்டுகள் டியூப் லைட்டில் மின்னுமே, அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. முழங்காலுக்குக் கீழே வெறும் கட்டங்கள்தான். இருட்டான பின்புலம், வேகமான அசைவு, மினுமினுப்பு மூன்றும் சேர்ந்தால், டிவிடிக்காகப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு நிறைய பிட் வேண்டும். கூத்தில் மூன்றும் எப்போதும் சேர்ந்தேதான் வரும். இடம் மிச்சம் பிடிக்க ஒலியையும் குறைத்திருந்தேன். "என்ன கண்ணு, சலங்கைச் சத்தம் தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி இருக்கு?" என்றார் பெரியப்பா. அன்றே அந்த வழியை விட்டேன்.

படத்தின் அகலத்தைப் பாதியாக்குவது அடுத்த வழி. 720க்கு 576 புள்ளிகள் இருக்கும் இடத்தில் 352க்கு 576. டிவிடி விதிமுறை இதை ஏற்கிறது. இரண்டு தட்டில் முடிந்துவிடும், கட்டங்களும் குறையும். ஆனால் முகத்தில் எழுதிய அரிதாரக் கோடுகள் மழுங்கிப்போகும். கல்யாண வீடியோவுக்கு இது போதும்.

8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டு இரண்டு வாங்கினால் தரம் பிரமாதம், விநாடிக்கு 5.4 மெகாபிட். ஆனால் தட்டு விலை அதிகம். அதோடு பழைய பிளேயர்களில் சில இதைப் படிக்காது. பெரியப்பா வீட்டுப் பிளேயரும் படிக்கவில்லை.

ஹெச்.264 முறையில் எம்பி4 கோப்பாக்கி டேட்டா டிவிடியில் எழுதலாம். எம்பெக்-2க்குப் பிறகு, 2003ல் வந்த சுருக்க முறை என்பதால் அதே இடத்தில் அதைவிட நல்ல படம் தரும். கம்ப்யூட்டரில் பார்க்கும் என் தம்பிக்கு அப்படித்தான் ஒரு தட்டு எழுதிக் கொடுத்தேன். பழைய டிவிடி பிளேயருக்கு அந்தக் கோப்பே தெரியாது.

கடைசியில் பெரியப்பாவுக்குச் சரிப்பட்டது மூன்று சாதாரணத் தட்டு. மூன்றையும் சம நேரமாகப் பிரிக்காதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். பேச்சும் பாட்டும் நிறைந்த முன்பகுதிக்கு 2 மணி 45 நிமிடம், நடுப்பகுதிக்கு 2 மணி 30 நிமிடம், சண்டையும் ஆட்டமும் வரும் கடைசிப் பகுதிக்கு 1 மணி 45 நிமிடம் என்று வைத்தேன். முதல் தட்டுக்கு விநாடிக்கு 3.8 மெகாபிட், கடைசித் தட்டுக்குக் கிட்டத்தட்ட 6. புது வேஷம் வருவதற்காகத் திரை பிடிக்கும் இடங்களில்தான் வெட்டினேன். அங்கே கூத்தே ஒரு மூச்சு விட்டுத்தான் தொடங்கும்.

படத்தைச் சுருக்க எஃப்எஃப்எம்பெக், டிவிடியாக அமைக்க டிவிடிஸ்டைலர்; இரண்டு மென்பொருளும் இலவசம், இரண்டுமே போதும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் டிவிடியிலிருந்து படத்தை எடுக்குமே தவிர, டிவிடியாக எழுதாது. இரண்டு சுற்று என்கோடிங் (படத்தைச் சுருக்கும் வேலை) வையுங்கள். முதல் சுற்றில் ஆட்டம் எங்கே, பேச்சு எங்கே என்று பார்த்துக்கொண்டு இரண்டாவதில் பிட்களைப் பங்கிடும். ராத்திரி ஓட விட்டுத் தூங்கிவிடலாம். ஒலிக்கு, டிவிடியில் பயன்படும் ஏசி-3 ஒலிச் சுருக்க முறையில் விநாடிக்கு 192 கிலோபிட்டுக்குக் கீழே போக வேண்டாம், கூத்தில் ஊதும் முகவீணை கீச்சிடும். கேசட்டில் ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக, மேல் ஃபீல்டு, கீழ் ஃபீல்டு என்று இரண்டாகப் பதிவாகும். அதில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும்; மாற்றி வைத்தால் அசைவெல்லாம் வெடவெடவென்று துடிக்கும். அப்புறம், அந்த 90 ஜிபி மூலத்தை அழித்துவிடாதீர்கள். ஹார்டு டிஸ்கில் அப்படியே இருக்கட்டும்.

பெரியப்பா மூன்றாவது தட்டைத்தான் முதலில் போடச் சொன்னார். சுற்றி ஆடும் இடம் வந்ததும் டிவிக்குப் பக்கத்தில் போய்த் திரையில் விரலை வைத்தார். "இந்த எடத்துலதான் கண்ணு எனக்குச் சலங்கை அவுந்துபோச்சு." அவிழ்ந்த கயிறு கணுக்காலில் தொங்குவது தெரிந்தது.