நிலவேம்புக் குடிநீரோடு ஆறு வருடம்

2019 ஐப்பசியில் எங்கள் தெருவில் காய்ச்சல் பரவியபோது நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் வாங்கினேன். அந்த டப்பா இன்னும் அடுப்படி அலமாரியில் இருக்கிறது. சூரணம் மட்டும் மழைக்கு மழை மாறும்.

இது தனி நிலவேம்பு இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் சேர்ந்து ஒன்பது சரக்கு. நிலவேம்புச் செடியைத்தான் எங்கள் பக்கம் சிறியாநங்கை என்பார்கள். பாம்பு அண்டாது என்று ஆச்சி புறவாசலில் வளர்த்தார். அதன் நிழலிலேயே ஒரு சாரை படுத்துக் கிடந்தது வேறு கதை.

ஒரு தேக்கரண்டிப் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர், கால் பங்காகச் சுண்ட வேண்டும். வடிகட்டி மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கசப்பு தொண்டையடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தேன் கலந்தால் தேன்தான் வீண்.

தொண்டைக் கரகரப்பு தொடங்கிய அன்றே ஆரம்பித்து நாலைந்து நாள் குடித்தால் எனக்குச் சுகமாக இருக்கிறது. சளி தானாகவும் ஒரு வாரத்தில் போகும், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். இருமல், தொண்டை வலி ஓரளவு குறைவதாக மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் தரம் குறைந்தவை.

டெங்குவுக்கு? நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புச் சத்து ஆய்வகத்தில் வைரஸை அடக்கியிருக்கிறது. ஆய்வகக் குப்பியும் மனித உடம்பும் ஒன்றல்ல. தினமும் குடித்த என் தம்பிக்கே டெங்கு வந்து, பிளேட்லெட் 40,000-க்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தான். தாய்லாந்து அரசு 2020 இறுதியில் லேசான கொரோனாவுக்கு இதே மூலிகையை அனுமதித்தது. பலன் உண்டு என்ற அங்குள்ள ஆய்வறிக்கை ஒன்றைக் கணக்குப் பிழையால் 2021-இல் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள்.

நான் செய்த தப்பு, 'ரத்தம் சுத்தமாகும்' என்று மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் குடித்தது. வயிறு எரிந்தது, பசி செத்தது. பிரஷர் மாத்திரையும் போடுகிறவன், ஒரு நாள் எழுந்ததும் தலை சுற்றியது. அளந்தால் 90/60. டாக்டர் சொல்லி நிறுத்தினேன், பிரஷர் பழையபடி ஏறியது. அம்மாவும் சர்க்கரை மாத்திரையோடு மூன்று மாதம் குடித்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.8 இருந்தது 7.9 ஆனது. கசப்பு சர்க்கரையை அடிக்கும் என்ற கணக்கு நாக்கோடு நின்றுவிட்டது.

கேப்சூலும் வாங்கிப் பார்த்தேன். கசப்பு தெரியாததால் கை தாராளமாகிவிடுகிறது, அதனால் விட்டுவிட்டேன். நிலவேம்பு சேர்ந்த மாத்திரைகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் ருசி இழப்பும் வருவதாக ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

இப்போது மழைக்காலத்தில், தொண்டை கட்டினால் மட்டும், சாப்பிட்ட பிறகு, ஐந்து நாளுக்கு மேல் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்பதால் போன வருடம் தங்கச்சிக்கு மட்டும் டம்ளரை நீட்டவில்லை. வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.