41 வயதில் கர்ப்பம்: டர்பனில் எனக்குக் கிடைத்த மரபணு ஆலோசனை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறேன். 41 வயதில் இரண்டாவது குழந்தை. உம்லாங்கா பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் மரபணு ஆலோசனைக்குப் போனேன். நாற்பதை ஒட்டிக் கருவுற்றிருக்கும் பெண்களுக்கு அந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு முன், வேறோர் இடத்தில் 12-வது வாரப் பரிசோதனை எடுத்திருந்தேன். ஸ்கேனில் குழந்தையின் பின்கழுத்து நீரின் அளவைப் பார்த்து, அம்மாவின் ரத்தத்தையும் வயதையும் சேர்த்து, டவுன் சிண்ட்ரோமுக்கு (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வரும் நிலை) எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வரவேற்பிலிருந்து போன் வந்தது: "ஹை ரிஸ்க் என்று வந்திருக்கிறது, டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார்." எண் எதுவும் சொல்லவில்லை. என் மாமியார் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். நான் மூன்று இரவு தூங்கவில்லை.

உம்லாங்காவில் அந்த ஆலோசகர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். 60-ல் 1 என்று இருந்தது. ஒரு தாளில் அறுபது புள்ளி வைத்து, ஒன்றை மட்டும் வட்டமிட்டார். "இதே முடிவு வந்த 60 பேரில் 59 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது" என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம் என்னையும் கணவரையும் பார்த்து, "உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். எந்த முடிவு வந்தாலும் இந்தக் குழந்தை வேண்டும் என்றேன் நான். கணவரோ, தயாராக இருப்பதற்காகவாவது தெரிய வேண்டும் என்றார். வீட்டில் நாங்கள் இதை வாய்விட்டுப் பேசியதே இல்லை. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. முழுதாக ஒரு மணி நேரம் ஆனது.

எங்கள் முன் இருந்த வழிகள் இவைதான். அம்மாவின் ரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடி (NIPT) ரத்தப் பரிசோதனை டவுன் சிண்ட்ரோமை 99 சதவீத அளவுக்குக் கண்டுபிடிக்கும். ஆனாலும் அது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. உறுதி வேண்டுமென்றால் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ ஊசியால் எடுக்க வேண்டும். அதனால் கரு கலையும் ஆபத்து 200-ல் ஒன்றுக்கும் குறைவு. தேதிகளையும் காலண்டரில் குறித்துக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவின் 1996 சட்டப்படி, 12 வாரம் வரை பெண் கேட்டாலே கருக்கலைப்பு செய்யலாம். 13 முதல் 20 வாரம் வரை, கருவுக்குக் கடுமையான குறைபாடு வரும் ஆபத்து போன்ற காரணங்கள் வேண்டும். அதற்குமேல் நிபந்தனைகள் இன்னும் இறுகும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, ஆனால் தேவைப்படுகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு.

ரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். முதல் மாதிரி தவறிவிட்டது, என் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏ போதவில்லையாம். இப்படியும் ஆகலாம் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்ததால் பயம் குறைந்தது. இரண்டாவதும் தவறினால் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்குத் தயாராக இருந்தேன். தவறவில்லை, ஆபத்து குறைவு என்று வந்தது. அந்தச் செய்தியை ஆலோசகரே போனில் சொல்லி, என் கேள்விகள் தீரும்வரை பேசினார். 20-வது வாரம் எடுத்த ஸ்கேனில் இதயம், முதுகெலும்பு எல்லாம் சரியாக இருந்தன.

குறை ஒன்று உண்டு: பணம். ஆலோசனைக்கு எங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கொடுத்தது, என்ஐபிடிக்குக் கொடுக்கவில்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்த பிறகுதான் அதைச் சொன்னார்கள். உங்கள் திட்டத்தில் எது அடங்கும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பதிவு செய்யும்போது எத்தனை வாரம் என்பதையும் சொல்லுங்கள், 13 வாரம் என்றதும் எனக்கு மூன்றாம் நாளே இடம் கொடுத்தார்கள்.