தமிழ்நாட்டுக் கோயில் ரூர் போறவை கவனம், நோட்டீஸில நேரத்தைப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் ஆக்கள் இப்ப குடும்பமா தமிழ்நாட்டுப் பழைய கோயிலுகள் பாக்கப் போறது கூடிட்டுது, பலாலியில ஏறினா சென்னையில இறங்கலாம் எண்ட உடன எல்லாருக்கும் ஆசை வந்திட்டுது, எங்களுக்கும் வந்தது. போன மார்கழி லீவுக்குப் போட்டு வந்தனாங்கள். ஏஜென்சிக்காரரின்ர பேரை எழுதேல்லை, எழுதினா அது வேற பிரச்சினை. நடந்ததை மட்டும் எழுதுறன்.

அம்மா, நான், மனிசி, 13 வயசு மகன், 9 வயசு மகள். சிறுபோக நெல்லு வித்த காசு அரைவாசி, மிச்சம் கனடாவில இருந்து அண்ணா போட்டது. நோட்டீஸில ஆறு நாள், பன்னிரண்டு புராதன தலம், சாப்பாடு, வான், கைட் எல்லாம் அடக்கம் எண்டு வடிவா அடிச்சுக் கிடந்தது. அம்மா கேட்டது ஒண்டே ஒண்டுதான், தஞ்சாவூர்ப் பெருவுடையாரைக் கண்ணால ஒருக்காப் பாக்கோணும். உருத்திரபுரம் சிவன் கோயிலைத் தாண்டி தூரத்துக் கோயில் எண்டு அவ பெரிசாப் போனதில்லை.

முதல் வெட்டு மாமல்லபுரத்தில. எங்களை வானுக்குள்ள இருத்திப்போட்டு கைட் வந்து, "சார், உங்களுக்கு ஃபாரின் பாஸ்போர்ட், தலைக்கு அறுநூறு சார், குழந்தைங்களுக்கும் சேர்த்து" எண்டார். எல்லாம் அடக்கம் எண்டு சொன்னவை எல்லோ எண்டு கேட்டன், என்ட்ரி டிக்கெட் அதில வராது சார் எண்டார். இந்தியக் காசு 3000 எண்ணிக் குடுத்தன். இரவு ஹொட்டலில சேர்ட்டைக் கழட்டேக்க பொக்கெற்றுக்குள்ள அந்த ரிக்கற் துண்டு, மூண்டே மூண்டு, ஒவ்வொண்டிலயும் 40 ரூபாய் எண்டு அடிச்சுக் கிடக்கு. விடியக் கேட்டா, "அது வேற டிக்கெட் சார்" எண்டு சிரிக்கிறார். வீட்ட வந்து தேடிப் பாத்தாப் பிறகுதான் தெரியும், இந்தியத் தொல்லியல் துறை பாக்கிற இந்த இடங்களில சார்க் எண்ட தெற்காசிய நாட்டுக்காரருக்கு, இலங்கையும் அதில ஒண்டு, இந்தியருக்கு உள்ள அதே 40 தான், 600 மற்ற வெளிநாட்டுக்காரருக்கு, 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்குக் காசே இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே ரிக்கற்றும் காணும். 120 ரூபாய்க் கதைக்கு 3000. பாஸ்போர்ட்டைக் கையில கொண்டு நீங்களே கவுண்டரில போய் நிண்டு எடுங்கோ, வானுக்குள்ள இருக்காதேங்கோ.

காஞ்சிபுரத்தில கைலாசநாதர் கோயில் நோட்டீஸில இருந்தது, போனது பட்டுக்கடைக்கு. வாசலில ஒரு தறி, நாங்கள் உள்ள போகேக்க ஒரு ஐயா இருந்து ரெண்டு தரம் இழுத்துக் காட்டினார், ரெண்டரை மணித்தியாலம் கழிச்சு வெளிய வரேக்க தறியில ஆளும் இல்லை, நூலும் முந்திக் கிடந்த அதே இடத்திலதான் கிடக்கு. மனிசி ஒரு சீலை எடுத்தவ, விலை எழுதேல்லை, வீட்டுக்குள்ள சண்டை வரும். பல்லவர் கட்டின கைலாசநாதர் கோயிலைப் பாக்க நேரம் காணாதாம்.

தஞ்சாவூரைப் பற்றித்தான் வடிவாச் சொல்லோணும். இரவு கும்பகோணத்தில தங்கினது, ஒரு மணித்தியால ஓட்டம். வெள்ளன வெளிக்கிட்டிருந்தா ஆறுதலாப் பாத்திருக்கலாம். ரைவர் சுவாமிமலையில ஒரு விக்கிரகக் கடையில கொண்டுபோய் விட்டிட்டார், அங்க ஒன்றரை மணித்தியாலம், சுவாமிமலை முருகனை வான் கண்ணாடிக்குள்ளால கும்பிட்டதோட சரி. பெரிய கோயிலுக்குள்ள போகேக்க 12.40, நடை சாத்தியாச்சு. திரும்ப எத்தினைக்கு எண்டா நாலு மணிக்கு.

அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. கல்லுச் சுடுகுது, விமானம் எண்ட கருவறைக் கோபுரத்தின்ர வடக்குப் பக்கம் நீட்டுக்கு நிழல், அதுக்க போய் இருந்திட்டா. கைட் அந்த நேரமும் பாத்து, 1010 இல ராஜராஜன் கட்டினது, இந்தக் கோபுர நிழல் தரையில விழவே விழாது, அதிசயம் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார். மகன் கேட்டான், "அப்ப அப்பம்மா என்னத்துக்குள்ள இருக்கிறா?" கைட் உடன சாப்பாட்டுக் கதையை எடுத்திட்டார்.

எனக்கு அங்க ஒரு அலுவல் இருந்தது. பொலநறுவையில சோழர் காலத்துச் சிவன் கோயில், வானவன் மாதேவி ஈஸ்வரத்துச் சுவரில தமிழ் எழுத்தைப் பாத்த நாளில இருந்து, ராஜராஜன்ர மெய்க்கீர்த்தியில, அதான் கல்வெட்டுத் தொடக்கத்தில ராசாவின்ர வெற்றியைச் சொல்லுற பாட்டில, வாற "ஈழ மண்டலம்" எண்டதைத் தஞ்சாவூர்க் கல்லில தேடிப் பாக்கோணும் எண்டு ஆசை. அடித்தளம் முழுக்க எழுத்துத்தான், இது என்ன எழுத்து எண்டு கைட்டைக் கேட்டா, "அது ஏதோ பழைய பாஷை சார்" எண்டார். தமிழெல்லோ! மகள் குந்தி இருந்து விரலால தடவி ட, ப எண்டு ரெண்டு மூண்டு எழுத்தைக் கண்டுபிடிச்சிட்டாள், அதுக்குள்ள ரைவர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிட்டார். நாலு மணி வரைக்கும் நிப்பம் எண்டு கெஞ்சிக் கேட்டன், கங்கைகொண்ட சோழபுரம் போகோணும், எழுபது கிலோமீற்றர், பிந்தினா அதையும் விட்டிடுவீங்கள் எண்டு வெருட்டி ஏத்தினார். ஏத்திக்கொண்டு போனது சாப்பாட்டுக் கடைக்கும் அங்கால இன்னொரு சீலைக் கடைக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில ராஜராஜன்ர மகன் ராஜேந்திரன் கட்டின கோயிலைக் கடைசி வரைக்கும் காணேல்லை, இருட்டிட்டுதாம். எண்ணிப் பாத்தா பன்னிரண்டில ஒழுங்கா இறங்கி நிண்டு பாத்தது நாலு. மற்றதெல்லாம் ரோட்டில நிண்டு போட்டோ எடுத்ததையும் "பாத்தது" எண்டு கணக்கில போட்டிருக்கினம்.

வந்தாப் பிறகு ஏஜென்சிக்குப் போனன். "அது அங்கத்தைய ஆக்கள் அண்ணை, எங்கட கையில இல்லை, அடுத்த முறை காசி போகேக்கக் குறைச்சுத் தாறம்" எண்டார். ரசீதை எடுத்துப் பாத்தா "சுற்றுலா" எண்டு ஒரு சொல்லும் தொகையும் மட்டும்தான் கிடக்கு, எந்தெந்த இடம் எண்டு ஒரு வரி இல்லை. அது என்ர பிழை. நீங்கள் இடம், நேரம், ரிக்கற் ஆர் கட்டுறது எண்டு எல்லாம் எழுதி, கையெழுத்து வேண்டிக்கொண்டு காசைக் குடுங்கோ. எந்தக் கோயிலையும் மத்தியானம் போட்டிருந்தா மாத்தச் சொல்லுங்கோ, தஞ்சாவூரெண்டா விடிய அல்லது நாலுக்குப் பிறகு. அங்க உள்ள போக ரிக்கற்றும் இல்லை, ஆரும் கேட்டாக் குடுக்காதேங்கோ.

இதை இண்டைக்கு எழுதக் காரணம், நேற்று இரவு அதே ஆக்களின்ர சிவராத்திரி ரூர் நோட்டீஸ் வட்ஸ்அப்பில சுத்திக்கொண்டு வந்தது. படம் புதிசு, விலை கூடக் கிடக்கு. மூண்டாம் நாளைப் பெரிசாக்கிப் பாத்தன், தஞ்சைப் பெரிய கோயில், மதியம் 12.30.